டச்பேடில் மாவு

டச்பேட் செத்துப்போய்விட்டது என்று வீட்டுக்காரர் சொன்னபோது ரொட்டியம்மா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு பேக்கரிக்குப் போனவள், மத்தியானம் ஒன்றரை மணிக்கு மூன்று மாடி ஏறி, ஒரு கையில் மிஞ்சிய ரொட்டியும் மறு கையில் சொட்டுகிற குடையுமாக அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

"செத்துப்போச்சு," என்றார் அவர், திரையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"யாரு?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"டச்பேட்."

"நல்லா சொன்னீங்க போங்க. அதுக்குள்ள மனசுக்குள்ள நாலு பேரக் கொன்னுட்டேன்."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. லேப்டாப்பில் எழுத்துப் பட்டன்களுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னச் சதுரத்தின் மேல் கையை வைத்து இழுப்பதும், திரையைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். நாலு நாளாக விடாத மழை. ஜன்னலைத் திறக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தது. ஒரு ஈரத் துண்டின் நுனி அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவர் லேபிள் போடுகிறவர். ஷாம்பு பாட்டில், பசை டப்பா, தரை கழுவுகிற திரவம், வலித் தைலம் என்று கடை அலமாரியில் நாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துப் போகிற சாமான்களின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும், எந்தக் கோடு எங்கே முடிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைக்கிற வேலை. இருபத்தேழு வருஷமாக ஒரே அச்சகத்துக்குத்தான் செய்கிறார். முதலில் அச்சகத்திலேயே உட்கார்ந்து செய்தார், இப்போது ஒன்பது வருஷமாக வீட்டிலிருந்து. ஒரு கோடு நூலிழை தள்ளியிருந்தாலும் அவருக்குக் கண்ணை உறுத்தும். அச்சகத்தில் 'நூலிழை சார்' என்றுதான் சொல்வார்கள். விருந்துக்குப் போன வீட்டில், சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய்ச் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டு வந்து உட்காருகிற மனுஷன். கூடப் போகிற ரொட்டியம்மாவுக்கு மானம் போகும்.

"என்னதான் பண்ணுது அது?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"கிட்ட வராத. முதல்ல அந்த மாவத் தட்டு."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். புருவத்தில் மாவு, காது மடலில் மாவு, நகத்துக்குள் மாவு. எவ்வளவு தட்டினாலும் எங்கேயாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடும்.

"நேத்து சாயந்திரம் பொண்ணுகிட்ட வீடியோவுல பேசினல்ல," என்றார் அவர். "கை கழுவிட்டா பேசின?"

"கழுவினேனே."

"முழங்கை வரைக்கும் கழுவினியா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. கழுவியிருப்பாள். கழுவாமலும் இருந்திருப்பாள். மகள் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள்; அவள் முகம் திரையில் வந்தவுடன் ரொட்டியம்மாவுக்கு மற்ற எல்லாம் மறந்துபோகும்.

"மாவுதான் உள்ள போயிருக்கு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "திரையில அம்பு நகர மாட்டேங்குது. நான் அம்ப இழுத்தா பக்கம் மேலயும் கீழயும் ஓடுது. சில நேரம் அதுவும் இல்ல, கல்லு மாதிரி நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பது லேபிள் போகணும். பதினாலுதான் முடிஞ்சிருக்கு."

வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போன மாசம் ஒரு தைல பாட்டில் லேபிளில் தேதி போடுகிற பெட்டி கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தார்கள். கட்டுக் கட்டாகக் குப்பைக்குப் போனது. அச்சக முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். "உங்களுக்கும் வயசாகுதுல்ல சார், இந்த நாப்பது பாப்போம், வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வந்தா பாப்போம், இல்லன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்த மரியாதைதான் இவரை ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்தது. ஐம்பத்து மூன்று வயதில் புதிதாகப் போய் யாரிடம் நிற்பது?

ரொட்டியம்மா குளித்து, தலைக்கும் ஊற்றி, முழங்கைக்கு மேலேயும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து மகளுக்கு போன் போட்டாள்.

"எஃப் வரிசையில ஒரு பட்டன் இருக்கும்மா," என்றாள் மகள். "சின்னதா கட்டம் வரைஞ்சிருக்கும். அதுதான் டச்பேட நிறுத்துற பட்டன். அப்பா தெரியாம கை வெச்சு அமுக்கியிருப்பாரு."

அமுக்கிப் பார்த்தார்கள். அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்கள். ஈரமில்லாத துணியால் துடைத்து, ஊதி, பக்கவாட்டில் தட்டி, மகள் சொன்னபடி மேலே ஏதோ பட்டியலைத் திறந்து ஒரு டிக்கை எடுத்துத் திரும்பப் போட்டு எல்லாம் செய்தார்கள். அவர் கையை வைத்தால் அதே கதைதான்.

"அம்மா, நீ ஒரு தடவ தொட்டுப் பாரேன்," என்றாள் மகள்.

"அவ தொட்டுத்தான் இந்த லட்சணம்," என்றார் அவர்.

மகள் அந்தப் பக்கத்திலிருந்து, "கடையில குடுத்துடுங்கப்பா," என்றாள்.

தெருக்கோடியில் பூதக்கண்ணாடியின் கடை. நெற்றியில் எப்போதும் பட்டை கட்டி, அதில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, லேப்டாப்பும் போனும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் அது. முப்பத்தைந்து வயதிருக்கும். லென்ஸை மேலே தள்ளிவிட மறந்து டீக்கடைக்கும் அப்படியே போவாள். ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரியும்.

"என்னக்கா, மழையில நனையாம கொண்டாந்தீங்களா," என்று ரொட்டிப் பையைப் பிரித்து லேப்டாப்பை எடுத்தாள். ரொட்டியம்மாவிடம் உறுதியான பை என்றால் ரொட்டிப் பைதான். அந்தப் பையின் தையலில் எவ்வளவு மாவு இருக்கும் என்று கடைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடி மூடியைக் கழற்றி, லென்ஸை இறக்கி, உள்ளே பார்த்தாள் பூதக்கண்ணாடி. காதுக் குச்சியால் மடிப்பு ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். நுனியில் வெள்ளையாக ஏதோ.

"மாவா?" என்றாள் ரொட்டியம்மா.

"மாவு மாதிரிதான் தெரியுது. ஆனா இது ஓரத்துல இருக்கு, இதனால நிக்காதுக்கா. பட்டை ஒயரு லூசாயிருக்கலாம். எடுத்துத் திரும்ப மாட்டுறேன்."

மாட்டி மூடித் திறந்து விரலை வைத்தாள். அம்பு ஓடியது. ரொட்டியம்மாவையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். அவளும் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து வைத்தாள். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"சார் வரலையா? நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். புகார் சொன்னவங்க கையாலயே என் முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்த பிறகுதான் மெஷினக் குடுப்பேன்."

"அவருக்கு மாடி எறங்கினா முட்டி வலிக்கும்மா. எதுக்கு அப்படி ஒரு வழக்கம்?"

"ஒரு அம்மா வந்தாங்க. லேப்டாப் தானா தானா தூங்கிடுதுன்னு. மூணு தடவ பிரிச்சேன், ஒண்ணும் இல்ல. நாலாவது தடவ அவங்களையே உக்கார வெச்சு ஓட்டச் சொன்னேன். கையில வலிக்குன்னு ஒரு காந்தக் காப்பு. அந்தக் காந்தம் மெஷின் ஓரத்துக்குப் போனா, மூடிய மூடிட்டாங்கன்னு மெஷினு நெனச்சுத் தூங்கிடுது. நான் இத்தன நாளா மெஷினையே பாத்துட்டு இருந்திருக்கேன் பாருங்க." சிரித்தாள். "சரி, நீங்க ஓட்டிட்டீங்கல்ல, போதும். எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தபோது ரொட்டியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சரியாயிடுச்சு. நானே ஓட்டிப் பாத்தேன்," என்றாள்.

அவர் கையை வைத்தார். பக்கம் மேலே ஓடியது. அம்பு நின்ற இடத்தில் நின்றது.

அவர் லேப்டாப்பை மெல்ல மூடி வைத்தார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை திரும்பவும் கடை. பூதக்கண்ணாடி அந்தச் சதுரத்தையே மாற்றிவிட்டாள், வேறு ஒரு உடைந்த மெஷினிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து. கடையில் ஓடியது. வீட்டில் நின்றது. "உங்க வீட்டுக் கரண்டுல ஏதாவது கோளாறா இருக்கும்," என்றாள் போனில். கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்கள். நின்றது.

அன்று சாயந்திரம் அவர் சாப்பிடும்போது டம்ளர் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் டீயானது. "பாத்துப் பிடிக்கக் கூடாதா? நெனப்பெல்லாம் எங்க இருக்கு?" என்று ரொட்டியம்மா சிடுசிடுத்தாள். அந்த மாசத்தில் அது எத்தனையாவது டம்ளர் என்று அவள் எண்ணவில்லை. அவருக்கு வேலைக் கவலை, அதனால் கை தவறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ரொட்டியை இப்போதெல்லாம் அவளே வெட்டி வைப்பதையும், அவர் சட்டையை விட்டுவிட்டு எந்நேரமும் பனியன் துணியில் தைத்த பொத்தானில்லாச் சட்டையாக மாட்டிக்கொள்வதையும் அவள் அதே கணக்கில்தான் சேர்த்திருந்தாள். கூடவே இருக்கிறவர்களுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படாது. தினமும் பார்க்கிற முகம் எப்போது மெலிந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

"இடது கையால ஓட்டிப் பாருங்களேன்," என்றாள் தரையைத் துடைத்தபடி.

"ஏன், வலது கைக்கு என்ன?" என்றார் வெடுக்கென்று.

அப்படி அவர் வெடுக்கென்று பேசுகிற ஆள் இல்லை.

வியாழக்கிழமை பூதக்கண்ணாடியே கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள். நெற்றியில் லென்ஸ், தோளில் கருவிப் பை, மூன்று மாடி ஏறிய மூச்சு. தொங்குகிற துணிகளுக்குள் குனிந்து குனிந்து மேசைக்கு வந்தாள்.

"உங்களால என் மானம் போகுது சார்," என்றாள் சிரித்துக்கொண்டே. "தெருவுல கேக்குறாங்க, ரொட்டியம்மா வீட்டு மெஷின இன்னும் சரி பண்ணலையான்னு."

"உன்மேல தப்பு இல்லம்மா. மாவு எங்கயோ ஆழத்துல போயிருக்கு," என்றார் அவர்.

ரொட்டியம்மா டீ போட அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"அதுவரைக்கும் ஒரு மவுஸ் போட்டு ஓட்டியிருக்கலாமே சார். வெள்ளிக்கிழமைக்குக் குடுக்கணும்னு அக்கா சொன்னாங்க."

"மவுஸா? எல்லாம் கெட்டுப்போச்சும்மா. ஒண்ணு ரெண்டு இல்ல, மூணு. ஒண்ணு வழுக்கும். ஒண்ணு ரெண்டு தடவ அமுக்கினாத்தான் கேக்கும். இன்னொண்ணு தானா நகரும். இப்ப வர்ற சாமான் எதுவும் உருப்படியா இல்ல."

"மூணையும் குடுங்க, பாத்துடலாம்."

ரொட்டியம்மா வெளியே வந்து இழுப்பறையைத் திறந்து மூன்று மவுஸையும் வால் சிக்கலோடு எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகச் சொருகினாள் பூதக்கண்ணாடி. முதலாவது ஓடியது. இரண்டாவது ஒரே அழுத்தில் கேட்டது. மூன்றாவது சொன்ன இடத்தில் நின்றது. மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்தாள். பிறகு லென்ஸை நெற்றிக்கு மேலே தள்ளினாள்.

"சார், நான் மெஷினத் தொடப்போறதில்ல. நீங்க எப்பவும் எப்படி வேல செய்வீங்களோ அப்படிச் செய்ங்க. நான் சும்மா பாக்குறேன்."

"இப்ப நீயே பாரு," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு சோப்புத் திரவ லேபிள் திறந்திருந்தது. அதில் தேதிப் பெட்டி கோட்டைவிட்டு வெளியே நின்றிருந்தது. அவர் வலது கையை டச்பேடின் மேல் வைத்தார். ரொட்டியம்மா டீத் தட்டுடன் பின்னால் வந்து நின்றாள்.

பக்கம் மேலே ஓடியது. கீழே ஓடியது. அம்பு நகரவில்லை.

"பாத்தியா?" என்றார்.

"ரெண்டு வெரல் வெச்சாத்தான் சார் பக்கம் ஓடும்," என்றாள் பூதக்கண்ணாடி மெதுவாக. "ஒரு வெரல் மட்டும் வைங்க."

"ஒரு வெரல்தான் வெச்சிருக்கேன்."

ரொட்டியம்மா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் டச்பேடின் மேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நடுவிரலும் துவண்டு விழுந்து கிடந்தது. 'ரெண்டு இருக்கே' என்று சொல்ல வாயெடுத்தாள். பூதக்கண்ணாடி அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். ரொட்டியம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சார். கைய நல்லா தூக்கிட்டு, ஆள்காட்டி வெரல் மட்டும்."

அவர் பொறுமையாகக் கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரல் தூக்கியபடி நின்றது. நடுவிரல் தொங்கியது. கையை இறக்கினார். ஆள்காட்டி விரலுக்கு முன்னால் நடுவிரல்தான் போய்த் தொட்டது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர். "இதுக்கு மேல எப்படி வைக்கிறது? சொல்லு."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷமாகத் திரையைப் பார்த்து வேலை செய்கிறவர், கையைப் பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை. ரொட்டியம்மா டீத் தட்டை மேசையில் வைத்தாள். வைக்கும்போதுதான் இன்னொன்றையும் பார்த்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை திரண்டு நிற்க வேண்டிய இடம் குழிந்துபோயிருந்தது. எப்போது குழிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் பிடித்த கை.

"பாத்தேன் சார்," என்றாள் பூதக்கண்ணாடி. "நீங்க சொன்னது சரிதான். நகரல."

"அதான்," என்றார். ஒருவழியாக ஒரு சாட்சி கிடைத்த நிம்மதி குரலில் இருந்தது. டீயை இடது கையால் எடுத்துக் குடித்தார்.

பூதக்கண்ணாடி கருவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ரொட்டியம்மா அவள் பின்னாலேயே படிக்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். வெளியே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. படிக்கட்டு ஜன்னல் வழியே சாரல் அடித்தது.

"அக்கா, மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"நான் டாக்டர் இல்ல. எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா அந்த வெரல் வெச்சிருக்கறதே அவருக்குத் தெரியலக்கா. கட்டைவெரல் ஓரத்துல தோலுக்கு அடியில எதுவோ துடிச்சுக்கிட்டே இருக்கு. பாத்தீங்களா?"

"மெஷின் பாக்க வந்தா மெஷினப் பாக்கணும்," என்றாள் ரொட்டியம்மா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மனுஷங்க கையெல்லாம் உனக்கு எதுக்கு?"

பூதக்கண்ணாடி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு படி இறங்கி நின்றாள்.

"நரம்பு பாக்குற டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. தள்ளிப்போடாதீங்க. நீங்க முதல் தடவ கடைக்கு வந்தப்பவே அவரக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். என் வழக்கத்த நானே விட்டுட்டேன்."

"போம்மா. போ. கடைய சாத்திட்டு வந்திருக்க."

அவள் இறங்கிப் போகிற சத்தம் ஓயும்வரை ரொட்டியம்மா படிக்கட்டிலேயே நின்றாள். அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, உள்ளே கேட்காமல். டம்ளர் விழுந்த ஒவ்வொரு தடவையும் தான் சொன்ன வார்த்தைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. 'கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?' என்று கேட்டது. 'இப்பல்லாம் சோம்பேறி ஆயிட்டீங்க, ஒரு ரொட்டி வெட்டித் தர மாட்டீங்களா' என்று கேட்டது. மாவுதான் காரணமாக இருந்திருக்கக் கூடாதா? தன் தப்பாக இருந்திருக்கக் கூடாதா? ஆயுசுக்கும் திட்டு வாங்கியிருப்பாளே.

உள்ளே வந்து நேராகக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லிட்டுப் போறா?" என்றார். "வேற மெஷின் வாங்கச் சொல்றாளா?"

"இல்ல."

"பின்ன? நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியுது. கைய வைங்க."

"உன் கையில மாவு…"

"கழுவிட்டேன். வைங்க."

அவர் வைத்தார். ரொட்டியம்மா தன் ஒற்றை விரலை அவருடைய நடுவிரலுக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினாள். கனமே இல்லை. பிசைந்து வைத்த மாவின் ஓரத்தைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நகத்துங்க."

அம்பு நகர்ந்தது. திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

"நகருதே," என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நகருது பாரு. அவ என்னமோ பண்ணிட்டுத்தான் போயிருக்கா." அம்பை வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றினார். தேதிப் பெட்டியைப் பிடித்து நகர்த்தினார். பிறகுதான் கண் கீழே இறங்கியது.

தன் கையைப் பார்த்தார். தன் விரலுக்கு அடியில் இருந்த அவள் விரலைப் பார்த்தார்.

அவள் எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நூலிழை தள்ளியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்.

"நீ பிடிச்சிருக்கிறது எனக்குத் தெரியல," என்றார் கடைசியில்.

"ம்."

"எப்பலேர்ந்து பிடிச்சிருக்க?"

"அம்பு நகர்ந்ததுலேர்ந்து."

அவர் தலையை ஆட்டினார். "பொத்தான் போட முடியல," என்றார். யாரோ இன்னொருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "ஏழெட்டு மாசமா. மவுஸ் கையில நிக்கல. குளிரு, ஈரம், வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன். ஒருநாள் விட்டா சரியாயிடும்னு நெனச்சேன். அந்த தைல லேபிளு, அது நான் சரியாத்தான் வெச்சேன். சேமிக்கும்போது கை பட்டு நகர்ந்திருக்கு. பட்டது எனக்குத் தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "உன்மேல பழியப் போட்டுட்டேன். மாவு மாவுன்னு."

"போட்டா என்ன இப்ப?"

"மாவாவே இருந்திருக்கலாம்," என்றார். "கழுவியிருந்தா போயிருக்கும்."

இன்னொரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தலைக்கு மேல் தொங்கிய ஈரத் துண்டிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அவள் எட்டி அதை ஒதுக்கிவிட்டாள்.

"சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்," என்றாள்.

"சனிக்கிழமை உனக்கு வேலை ஜாஸ்தியாச்சே. கேக்கு ஆர்டர் எல்லாம் வருமே."

"லீவு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன?"

"இனிமேதான் சொல்லணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுபோனது. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். தேதிப் பெட்டி இன்னும் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தது.

"முதலாளிகிட்ட என்ன சொல்றது?"

"நாளைக்கு நாப்பது லேபிள் வரும்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் வர்றத அப்புறம் பாப்போம். எவ்வளவு தள்ளணும் இது?"

"ஒரு நூலிழை."

"தள்ளுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அவர் தள்ளினார். பெட்டி கோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. வழக்கம்போல் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். திருப்தியாகவில்லை. இம்மியளவு மேலே ஏற்றினார். மறுபடி பார்த்தார்.

"சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அடுத்ததத் திறங்க," என்றாள் ரொட்டியம்மா. இன்னும் இருபத்தைந்து லேபிள் இருந்தது.